‘பாதியில் விட்டவர்’ என்று எழுதியது யார்?

2011 கடைசியில் ஒரு அமெரிக்க வாடிக்கையாளருக்காக சென்னையிலிருந்து வேலை செய்தோம். வடகிழக்கு நகரம் ஒன்றில் இயங்கிய போதை சிகிச்சை மையம் அது. படுக்கை கிடையாது, வந்து மருந்தோ ஆலோசனையோ பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகும் வெளிநோயாளி சிகிச்சை. வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்களும் லத்தீனோக்களும். பலர் ஹெராயின் ஊசி போட்டுக்கொள்பவர்கள், அதனால் எச்.ஐ.வி. ஆபத்தில் இருப்பவர்கள். எனக்கு ஒரு பெயரும் தெரியாது. சோதனைக்காக எங்களுக்குக் கொடுத்த தகவலில் பெயருக்குப் பதில் வெறும் எண்கள்தான் இருந்தன.

அதில் என் பங்கு இரண்டே இரண்டு திரை. முதல் திரையில், ஒருவர் சிகிச்சையை விட்டுப் போனால் காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு ட்ராப்டவுன். சிகிச்சை முடிந்தது, பாதியில் விட்டார், மையம் நிறுத்தியது, வேறு இடத்துக்கு மாற்றம், சிறை, மரணம், மற்றவை. இந்த வகைப்பாடு மையம் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்க அரசின் போதை சிகிச்சைத் துறையான சாம்சா நாடு முழுக்கத் திரட்டும் தகவல் தொகுப்பிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். கூடவே ஒரு தானியங்கி விதி: 30 நாள் தொடர்பே இல்லை என்றால் கோப்பை மூடிவிடு. என்ன காரணம் போடுவது என்று கேட்டேன். ‘பாதியில் விட்டார்’ன்னு போடுங்க என்றார்கள். போட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடும் ஒரு சின்ன நிரல், மனுஷன் கை படாமலே அதை எழுதிக்கொண்டிருந்தது.

இரண்டாவது திரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் இத்தனை வருஷம் கழித்து என்னை எழுத வைத்தது.

சமீபத்தில் ‘ஒயிட்அவுட்’ என்ற புத்தகத்தைப் படித்து முடித்தேன். 2023-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. எழுதியவர்கள் மூன்று பேர்: மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஹெலினா ஹான்சன், கொள்கை ஆய்வாளர் ஜூல்ஸ் நெதர்லாந்து, வரலாற்றாசிரியர் டேவிட் ஹெர்ஸ்பெர்க். அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகளும் அவற்றுக்கான சிகிச்சையும் வெள்ளையருக்கு ஒரு மாதிரியாகவும் மற்றவர்களுக்கு வேறு மாதிரியாகவும் எப்படிப் பிரிந்தன என்பது அவர்கள் வாதம். நல்ல புத்தகம், எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் ஒரு இடத்தில் எனக்கு அவர்களோடு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1964-இல் ஆரம்பித்த ஆய்வு இது. அடுத்த வருஷம் 22 நோயாளிகளைப் பற்றிய அவர்கள் கட்டுரை வெளிவந்தது. மெத்தடோன் என்ற மருந்தை வாய்வழியாக ஒரு நாளைக்கு ஒரு வேளை கொடுத்தால் போதும், ஹெராயினைத் தேடி அலையும் வேதனை அடங்குகிறது. ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மெத்தடோன் ஒரு நாள் முழுக்க நிற்கும். ஆள் வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம். நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் மாதிரி, வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் திட்டம். இந்த ‘வருஷக்கணக்கில்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1972-இல் மத்திய அரசின் விதிகள் வந்தன. மெத்தடோனை மருந்துக்கடையில் சீட்டு காட்டி வாங்க முடியாது. உரிமம் பெற்ற தனி மையத்துக்குப் போய், செவிலியர் கண் முன்னால் குடிக்க வேண்டும். மருந்து வெளியே கைமாறிப் போய்விடக் கூடாது என்பது காரணம். 2020 வரை நடப்பில் இருந்த அட்டவணைப்படி முதல் 90 நாளில் வாரத்துக்கு ஒரே ஒரு வேளை மருந்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மையத்துக்கு விடுமுறை என்றால் அந்த நாளுக்கும். அடுத்த 90 நாளில் வாரத்துக்கு இரண்டு. ஒரு மாத மருந்தை மொத்தமாக வாங்க இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்து காட்ட வேண்டும். அதுவும் உரிமை இல்லை, மையம் மனசு வைத்தால்தான். ஹார்லெம், தெற்கு பிராங்ஸ் பக்கம் இருப்பவருக்கு இதன் அர்த்தம் தினமும் காலையில் ஒரு வரிசை.

இப்போது எச்.ஐ.வி. எங்கே வருகிறது? போடாத ஊசி ஒவ்வொன்றும் பகிராத ஊசி. 1993-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மெட்ஸ்கர், வுடி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணில் அடிக்கிற மாதிரி காட்டியது. மெத்தடோன் மையத்தில் இருந்தவர்கள் 152 பேர், அதே வட்டாரத்தில் சிகிச்சைக்கு வெளியே இருந்தவர்கள் 103 பேர். ஆரம்பத்தில் கிருமி இல்லாதவர்களை 18 மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். அந்தக் காலம் முழுக்க சிகிச்சையிலேயே இருந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. முழுக்க வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம். குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் ஒரு கேள்வி வரும்: தங்கியவர்கள் முதலிலேயே கொஞ்சம் நிதானமானவர்களாக இருந்திருக்கலாமே? இருக்கலாம். ஆனால் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பும், இவ்வகை மாற்று மருந்து சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தொற்று ஆபத்து 54 சதவீதம் குறைவு என்றது. திசை ஒன்றுதான்.

இதிலிருந்து வருவது எளிய விஷயம். இந்தச் சிகிச்சையில் காப்பது மருந்தோடு இருக்கும் நாட்கள். வெளியே போன நாளிலிருந்து ஆபத்து மறுபடி ஏறும். அப்படியென்றால் ஒருவர் கோப்பு மூடப்படுவது அலுவலகச் சமாச்சாரம் இல்லை. மருத்துவ ரீதியில் அது ஒரு ஆபத்தான சம்பவம்.

நம் ட்ராப்டவுனுக்குத் திரும்புவோம். அதில் நல்ல முடிவு என்று எண்ணப்படுவது ஒன்றுதான்: ‘சிகிச்சை முடிந்தது’. மெத்தடோனில் முடிவது என்றால் என்ன? பத்து வருஷமாக ஒழுங்காக மருந்து எடுத்து, வேலைக்குப் போய், கிருமி இல்லாமல் இருக்கும் ஒரு அம்மாவை அந்தப் பட்டியல் வெற்றியாக எண்ணாது. அவர் கோப்பு மூடப்படவே இல்லையே! மருந்தை நிறுத்தி, ‘முடிந்தது’ என்று கையெழுத்து வாங்கி, நாலு மாதத்தில் மறுபடி ஊசிக்குப் போனவர் வெற்றிக் கணக்கில் இருப்பார். அளவுகோலே சிகிச்சையின் அறிவியலுக்கு எதிராக நிற்கிறது. நான் இதைச் செய்தபோது எனக்குத் தோணவில்லை. தேவை ஆவணத்தில் இருந்தது, செய்தோம்.

இந்த எண்களை வைத்துத்தான் இனவாரியாக ஒப்பிடுகிறார்கள். 2013-இல் ‘ஹெல்த் அஃபேர்ஸ்’ இதழில் சலோனர், குக் இருவரும் எழுதிய கட்டுரை அப்படிப்பட்டது. மது, போதை சிகிச்சைகளை முடிப்பதில் கறுப்பினத்தவர்களும் ஹிஸ்பானியர்களும் வெள்ளையரைவிட 3.5 முதல் 8.1 சதவீதப் புள்ளி வரை பின்தங்கினார்கள். இந்த வரியோடு நிறுத்தினால் ‘அவங்க ஒழுங்கா வர மாட்டாங்க’ என்ற பழைய பல்லவிக்குப் புள்ளிவிவரத் துணை கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கட்டுரையே மேலே போய், இடைவெளியில் பெரும்பகுதியை விளக்குவது வேலையின்மையும் நிலையில்லாத குடியிருப்பும்தான் என்கிறது.

நான் இன்னும் ஒரு படி போவேன். வேலையில்லாததால் சிகிச்சையை விடுகிறார் என்று படிக்கிறோம். தினமும் காலையில் வரிசையில் நிற்க வேண்டியவருக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பார்? ஷிஃப்ட் ஏழு மணிக்கு, மருந்து ஜன்னல் திறப்பதும் அதே நேரத்துக்கு என்றால் அவர் ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். வேலையின்மை நோயாளியோடு வந்த குணம் மட்டும் இல்லை; அதில் ஒரு பங்கை மையத்தின் கடிகாரமே உற்பத்தி பண்ணுகிறது. அந்தக் காரணத்துக்கு என் ட்ராப்டவுனில் இடமே இல்லை. ‘எங்கள் நேரம் அவருக்குப் பொருந்தவில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை ‘பாதியில் விட்டார்’ அங்கே போயிருக்கும்?

மருந்தின் அளவிலும் இதே கதைதான். டி’ஆனோ, போலாக் இருவரும் அமெரிக்க மெத்தடோன் மையங்களை 1988 முதல் 2000 வரை பலமுறை கணக்கெடுத்தார்கள். நாளைக்கு 60 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பலருக்குப் போதாது என்பது அப்போதைய பரிந்துரை. 1988-இல் 79.5 சதவீத நோயாளிகளுக்கு அதற்கும் கீழேதான் கொடுத்தார்கள். 2000-இல் அது 35.5 ஆகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் கறுப்பின நோயாளிகள் அதிகமுள்ள மையங்களில் குறைந்த அளவு கொடுக்கும் வழக்கம் கூடுதலாக இருந்தது. அளவு போதாவிட்டால் சாயங்காலமே உடம்பு உதறும், ஆள் தெருவுக்குப் போவார், மறுநாள் வரமாட்டார். அரை வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டு ‘பந்தியில் பாதியில் எழுந்தார்’ என்று குறிப்பு எழுதுகிற கதை.

அடுத்து வந்தது ப்யூப்ரெனார்ஃபின். 2000-ஆம் வருஷச் சட்டம், பயிற்சி பெற்ற மருத்துவர் தன் சொந்தக் கிளினிக்கிலேயே இதை எழுதிக்கொடுக்க அனுமதித்தது. வரிசை இல்லை, ஜன்னல் இல்லை, மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். நகரத்து மெத்தடோன் மையங்கள் புறநகர்ப் பகுதிகளில் புதிதாகப் பரவும் பழக்கத்துக்குப் பொருந்தாது என்ற பேச்சு அந்தச் சட்டத்துக்கான விவாதத்தில் அடிபட்டது. ‘புறநகர்’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று அமெரிக்கர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019-இல் வந்த லாகிசெட்டி குழுவின் ஆய்வு விளைவைக் காட்டியது: 2012–2015 காலத்து மருத்துவர் சந்திப்புகளில் கறுப்பின நோயாளிக்கு ப்யூப்ரெனார்ஃபின் கிடைக்கும் வாய்ப்பு விகிதம் வெள்ளையரைவிட 77 சதவீதம் குறைவு. கைக்காசும் தனியார் காப்பீடும்தான் அதற்குப் பெரும்பாலும் வழி.

ஒரே நோய்க்கு இரண்டு வாசல். ஒன்றில் சீட்டு, மற்றதில் வரிசை.

இங்கேதான் ‘ஒயிட்அவுட்’டோடு என் வழக்கு. வெள்ளைத்தன்மையையே ஒரு தொழில்நுட்பமாகப் பார்க்க வேண்டும், அது மருந்து விற்பனையிலும் சட்டத்திலும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது என்கிறார்கள். அமெரிக்காவில் யார் எந்த வாசலுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதற்கு இது சரியான விளக்கம். ஆனால் வாசல் ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு இது மட்டும் போதாது. நம்ம ஊரைப் பாருங்கள். இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ, ஊசி போட்டுக்கொள்பவர்களுக்காக நடத்தும் மாற்று மருந்து மையங்களில் பெரும்பாலும் கொடுப்பது இதே ப்யூப்ரெனார்ஃபின்தான். அமெரிக்கப் புறநகர்க்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகும் அதே மருந்தை, இங்கே தினமும் மையத்துக்கு வந்து ஊழியர் கண் முன்னால் எடுத்துக்கொள்வது என்றுதான் திட்டத்தை அமைத்தார்கள். இங்கே வெள்ளையர் யாரும் இல்லை. மருந்தும் மாறவில்லை. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: எதிரில் நிற்பவரை நம்ப வேண்டியதில்லை என்ற தீர்மானம். அமெரிக்காவில் அந்தத் தீர்மானம் இனத்தின் மேல் விழுகிறது. வேறு ஊரில் வேறு யார் எளியவரோ அவர்மேல் விழும். அதனால் இனம் என்ற விளக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதோடு நின்றுவிட்டால், திருத்தக்கூடிய திருகாணி எது என்பது தெரியாமல் போய்விடும் என்கிறேன்.

அந்தத் திருகாணியை ஒருமுறை தளர்த்திப் பார்த்தாகிவிட்டது, விருப்பத்தோடு இல்லை, கோவிட் புண்ணியத்தில். 2020 மார்ச்சில் கூட்டத்தைக் குறைக்க, நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் மெத்தடோனும் மற்றவர்களுக்கு 14 நாள் வரையும் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்ட பயம் உண்மையென்றால் மெத்தடோன் சாவுகள் குவிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மொத்த அதிக அளவுச் சாவுகளில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவற்றின் பங்கு 2019-இல் 4.5 சதவீதம், 2021-இல் 3.2. பங்கு குறைந்ததற்கு மற்ற சாவுகள், முக்கியமாக ஃபென்டனில் சாவுகள், எகிறியதும் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் பயந்த வெள்ளம் வரவில்லை. 2024-இல் இந்தத் தளர்வை நிரந்தர விதியாக்கினார்கள். ஒரு மாதம் தாண்டியவருக்கு 28 நாள் வரை கொடுக்க மையத்துக்கு அனுமதி உண்டு. கவனியுங்கள், அனுமதி மட்டும்தான், கட்டாயம் இல்லை. எந்த மையம் யாருக்குக் கொடுக்கிறது என்பது இனி பார்க்க வேண்டிய கணக்கு.

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சமூகங்கள் மெத்தடோனை இருகரம் நீட்டி வரவேற்கவில்லை. 1970-இல் தெற்கு பிராங்ஸின் லிங்கன் மருத்துவமனையில் யங் லார்ட்ஸ் இயக்கத்தினரும் கூட்டாளிகளும் இடத்தைப் பிடித்துத் தங்கள் சொந்த போதை சிகிச்சையை ஆரம்பித்தார்கள். காலம் முழுக்க மெத்தடோனில் வைத்திருப்பதை அடிமைச் சங்கிலியாகவே பார்த்தார்கள். பிறகு அக்குபங்சர் பக்கம் போனார்கள். 1988-இல் நியூயார்க் நகரம் ஊசி மாற்றும் திட்டத்தைச் சோதித்தபோது கறுப்பினத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். நகரத்தின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டின்கின்ஸ் 1990-இல் அதை மூடினார்; பிறகு மனம் மாறி 1992-இல் ஆதரித்தார். 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் மேகநோயைச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த அரசு, ‘இந்த மருந்தை தினமும் குடி’ என்றால் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? அவர்கள் மருந்தைப் பற்றிச் சொன்னது தவறாக இருக்கலாம். வரிசையைப் பற்றிச் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று: மெத்தடோன் விளையாட்டுச் சாமான் இல்லை. பழக்கமில்லாதவர் குடித்தால் மூச்சு நின்றுவிடும், வீட்டில் குழந்தை இருந்தால் பயம்தான். ஆரம்ப வாரங்களில் மேற்பார்வை வேண்டும், பூட்டுள்ள பெட்டி வேண்டும். என் கேள்வி அதன் பிறகு வரும் வருஷங்களைப் பற்றியது.

இப்போது அந்த இரண்டாவது திரை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் குழு வலியுறுத்தி, 1990-களின் கடைசியில் சிறுபான்மையினர் எய்ட்ஸ் திட்டம் என்று ஒரு நிதி உருவானது. அதிலிருந்து சாம்சா வழியாக இந்த மாதிரி மையங்களுக்கு மானியம் போனது. மானியம் வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும்: சேரும்போது ஒரு பேட்டி, ஆறு மாதத்தில் ஒரு பேட்டி. ஆறாவது மாதப் பேட்டியில் 80 சதவீதம் பேரையாவது பிடித்தாக வேண்டும், பாதியில் விட்டவர்கள் உட்பட. அதற்காக ஒரு ‘ஆள் தேடும்’ திரை செய்தேன். அத்தை வீட்டு எண், தங்கும் விடுதி, சர்ச், முடிவெட்டும் கடை, நன்னடத்தை அதிகாரி என்று ஏழெட்டு வழி. எந்தக் கிழமை எந்த மூலையில் ஆளைப் பார்க்கலாம் என்று ஊழியர்கள் குறிப்பு எழுதுவார்கள். பேட்டி கொடுத்தால் சின்ன பரிசு அட்டை. இலக்கை நெருங்கிவிட்டார்கள் என்றுதான் ஞாபகம்.

யோசித்துப் பாருங்கள். முதல் திரை ‘30 நாள் தொடர்பில்லை’ என்று மூடிய அதே எண்ணை, இரண்டாவது திரை நாலு மாதம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. ஆள் தொலையவே இல்லை. அவரை ஒரு கேள்வித்தாளுக்காகத் தேடிப் போக ஆள் இருந்தது, பணம் இருந்தது, மென்பொருள் இருந்தது. மருந்துக்காகத் தேட எதுவும் இல்லை, ஏனென்றால் அதற்கு இலக்கு எண் யாரும் வைக்கவில்லை. இரண்டு திரையும் ஒரே தகவல் கிடங்கில்தான் உட்கார்ந்திருந்தன. இரண்டையும் இணைக்க எனக்கு அதிகம் போனால் ஒரு நாள் வேலை. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 12 சதவீதம், புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படுபவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவுக்கு அவர்கள். தொற்று வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை தேவைப்படுபவர்களில் 2022-இல் வெள்ளையரில் 94 சதவீதம் பேருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது, கறுப்பினத்தவரில் 13 சதவீதத்துக்கு என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம். மறுபடி அதே இரண்டு வாசல். நாளைக்கு யாராவது இதையும் ஆராய்ந்து, மாத்திரையைப் ‘பாதியில் விட்டவர்கள்’ யார் என்று இனவாரியாக ஒரு அட்டவணை போடுவார்கள்.

அப்படி ஒரு அட்டவணையை இனி பார்த்தால் நான் முதலில் கேட்பது, அந்தக் காரணப் பட்டியலில் மையத்தின் தவறுக்கு ஒரு வரி இருந்ததா என்றுதான். நான் செய்ததில் இல்லை.